ஜூபா படுகை: துப்பாக்கிக்கு முன்னால் வந்த பட்டா

சோமாலியாவில் ஆறு என்று சொல்லத் தக்கவை இரண்டுதான். இரண்டும் எத்தியோப்பிய மலைகளில் பிறந்து தெற்கே இறங்குகின்றன. ஷபெல்லே பெரும்பாலான ஆண்டுகளில் கடலைப் பார்ப்பதில்லை. கடற்கரைக்கு இணையாக நெடுந்தூரம் ஓடிச் சதுப்பிலும் மணலிலும் அடங்கிவிடும். ஜூபா மட்டும் கிஸ்மாயோ துறைமுகத்துக்குச் சற்று வடக்கே இந்தியப் பெருங்கடலில் கலக்கிறது. ஒட்டகமும் ஆடுமாடுமே சொத்து என்று வாழும் நாட்டில், மழை பொய்த்தாலும் ஏதாவது விளைகிற மண் இந்த ஆற்றங்கரைகளில்தான் இருக்கிறது.

நடு ஜூபாவிலும் கீழ் ஜூபாவிலும் அந்த மண்ணைத் திருத்தி உழுதவர்கள் கோஷா மக்கள். அரை நூற்றாண்டுக்குள் அவர்களில் பெரும்பகுதியினர் சொந்த நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்து உழுபவர்களாகவோ அகதிகளாகவோ ஆகிவிட்டார்கள். இது எப்படி நடந்தது என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், “1991இல் அரசு கவிழ்ந்தது, குலச் சண்டை மூண்டது, வலுத்தவன் பிடுங்கிக்கொண்டான்” என்பதுதான். பதில் பொய்யில்லை, பாதிதான். துப்பாக்கி வருவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே காகிதம் வந்துவிட்டது. சமத்துவம் பேசிய ஒரு நிலச் சட்டம்தான் முதல் அடியைக் கொடுத்தது. போர் வந்தபோது, ஏற்கெனவே சட்டப்படி நிலமற்றவர்களாக இருந்தவர்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்குவது சுலபமாக இருந்தது.

காட்டுக்குள் வந்தவர்கள்

கோஷா என்றால் காடு. 19ஆம் நூற்றாண்டில் ஜூபாவின் இரு கரையும் அடர்ந்த காடு. அங்கே செட்சே ஈ அதிகம். அது கடித்தால் மாடு நோயில் விழுந்து சாகும். ஆகவே கால்நடைக் குலங்கள் கோடையில் தண்ணீர் காட்ட வருவதோடு சரி, ஆற்றங்கரையில் தங்குவதில்லை. யாருக்கும் வேண்டாத அந்த இடம், தப்பி ஓடியவர்களுக்கு வசதியாகப் போனது.

சன்சிபார் வழியாக நடந்த அடிமை வணிகத்தில் இன்றைய தான்சானியா, மொசாம்பிக், மலாவி பகுதிகளிலிருந்து யாவோ, மகுவா, சிகுவா, நியாசா எனப் பல இனத்தவர் தென் சோமாலியாவின் பெனாதிர் கடற்கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஷபெல்லே கரையில் தானியமும் எள்ளும் பருத்தியும் விளைவிக்க ஆள் வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1840களிலிருந்து அங்கிருந்து தப்பியவர்கள் ஜூபா காட்டுக்குள் ஊர் கட்டத் தொடங்கினார்கள். சிகுவாக்களின் வாய்மொழி வரலாறு இன்னும் சுவையானது. பஞ்சத்தில் அடிபட்டு, வேலை தருவதாகச் சொன்ன வணிகர்களை நம்பிப் படகேறி ஏமாந்தவர்கள் அவர்களுடைய முன்னோர். வனன்குச்சா என்ற பெண் குறிசொல்லியின் தலைமையில் ஊருக்கே நடந்து திரும்பிவிடலாம் என்று தெற்கே புறப்பட்டார்கள். ஜூபாவோடு பயணம் நின்றுவிட்டது. நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் ஜூபா கரையில் சிகுவா மொழியின் ஒரு வடிவத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நூற்றாண்டின் கடைசியில் நசீப் புந்தோ என்ற தலைவர் கோஷா ஊர்களைத் திரட்டிக் கிட்டத்தட்ட ஒரு குட்டி அரசே நடத்தினார். இத்தாலியர்கள் வந்ததும் அதெல்லாம் முடிந்தது. அவரும் அவர்களுடைய சிறையிலேயே இறந்தார். அடிமை முறையை ஒழித்ததாகச் சொல்லிக்கொண்ட அதே இத்தாலிய ஆட்சி, 1930களில் வாழைத் தோட்டங்களுக்கு ஆள் போதவில்லை என்றதும் இந்த ஊர்களிலிருந்தே ஆண்களையும் பெண்களையும் பிடித்துக்கொண்டு போனது. மக்கள் அதைக் ‘கொலோன்யா’ என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். 1941இல் பிரிட்டிஷ் படை வந்த பிறகுதான் அது நின்றது. யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்பதைத் தோல் நிறத்தையும் முடியையும் பார்த்து முடிவு செய்தார்கள். சுருள் முடி உள்ளவர் ‘ஜரீர்’. கால்நடைக் குலத்தவர் பிடிபடவில்லை.

ஆற்றங்கரைக் கறுப்பின உழவர்கள் எல்லோரும் அடிமை வழி வந்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷபெல்லே கரையில் ஜோஹருக்கு அருகே வாழும் ஷீத்லே போன்றவர்கள் யாரும் கொண்டுவராமல் தொன்றுதொட்டு அங்கேயே உழுதவர்கள். 1990களில் வந்த உதவி அமைப்புகள் எல்லோரையும் சேர்த்து ‘சோமாலி பாண்டு’ என்று பெயரிட்டன. கொல்லர், தோல் வேலை செய்பவர் என்று தொழிலை வைத்து ஒதுக்கப்பட்ட கபோயே, தூமால் போன்றோரும், கடற்கரை நகரங்களின் பெனாதிரி வணிகர்களும் வேறு சிறுபான்மையினர். அவர்களுடைய சிக்கல் பெரும்பாலும் நிலம் சார்ந்ததாக இல்லாததால் இங்கே விட்டுவிடுகிறேன்.

குலம் என்ற காப்பீடு

சோமாலியாவில் குலம் என்பது பெருமை பேச மட்டும் உள்ளதில்லை. நீதிமன்றம், காவல் நிலையம், காப்பீட்டு நிறுவனம் மூன்றும் சேர்ந்த அமைப்பு அது. ஒருவன் கொல்லப்பட்டால் கொன்றவனின் குழு செத்தவனின் குழுவுக்கு ‘மக்’ என்ற ரத்தப் பணம் கட்ட வேண்டும். மரபுக் கணக்கு நூறு ஒட்டகம். கட்டாவிட்டால் பழிக்குப் பழி. இந்த ஏற்பாடு ஓட வேண்டுமானால் கேட்டு வாங்க வலுவுள்ள ஆட்கள் பின்னால் நிற்க வேண்டும். நிலத் தகராறும் அப்படியே. இரு தரப்புப் பெரியவர்களும் மரத்தடியில் கூடி ‘ஹேர்’ என்ற வழக்காறுப்படி பேசுவார்கள். பேச்சின் எடை, பின்னால் நிற்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

கோஷா மக்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். பக்கத்துக் கால்நடைக் குலம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு அதன் பெயரைச் சொல்லிக்கொள்வது. ‘ஷேகத்’ என்பார்கள். அறுவடையில் கொஞ்சம் கொடுப்பது, கோடையில் மாடுகளை அறுத்த தட்டையில் மேய விடுவது, பதிலுக்குக் காவல் பெறுவது. சாதாரணக் காலத்தில் ஓரளவு நடந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மட்டும் கிடையாது. அந்த ஒரு கோட்டை வைத்தே சொல்லிவிடலாம், பெயரைக் கொடுத்தவர்கள் உறவைக் கொடுக்கவில்லை என்று.

மூன்று வகை நிலம்

1987, 88 ஆண்டுகளில் நடு ஜூபாவின் ஒரு சிற்றூரில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் ஒருவர் பதிவு செய்திருக்கும் விவரங்கள் இந்த வழக்குக்கு உயிர்நாடி. ஊர்க்காரர்கள் நிலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆற்றை ஒட்டிய படுகை ஒன்று. வெள்ளம் வடிய வடிய ஈரம் பார்த்து விதைப்பது. உள்ளே தள்ளி மேட்டு நிலம் இன்னொன்று, முழுக்க மானாவாரி. மூன்றாவதுதான் பொன். ‘டெஷேக்’ என்று பெயர். ஆறு பெருகும்போது தண்ணீர் புகுந்து தேங்கி நிற்கும் பெரும்பள்ளம். தண்ணீர் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்வாங்கும். உள்வாங்க உள்வாங்க, வெளிப்படும் சேற்றில் வளையம் வளையமாக மக்காச்சோளம் ஊன்றிக்கொண்டே போவார்கள். அடியில் ஈரம் நிற்கும் வரை விளைச்சல் உண்டு. மழை அடியோடு பொய்த்த ஆண்டிலும், வடமேற்கே எத்தியோப்பியாவில் மழை கொட்டி ஆறு பெருகினால், இங்கே சோறு உண்டு.

மழைக்காலம் இரண்டு. ஏப்ரலை ஒட்டி வரும் ‘கூ’ பருவத்தில் மக்காச்சோளம்; அக்டோபரை ஒட்டி வரும் ‘டெய்ர்’ பருவத்தில் எள். இடையிடையே அவரை, பூசணி. ஏர் மாடு கிடையாது, குட்டைக் காம்பு போட்ட கைமண்வெட்டிதான். எந்தப் பருவத்தில் எது கைகொடுக்கும் என்று யாருக்கும் தெரியாததால், ஒரு குடும்பம் மூன்று வகை நிலத்திலும் துண்டு துண்டாக வைத்திருக்கும். கணவனுக்கு ஒரு துண்டு, மனைவிக்கு ஒன்று, தாயிடமிருந்து வந்தது ஒன்று. படுகை மூழ்கினால் மேடு, மேடு காய்ந்தால் பள்ளம். இதை விடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை எந்த வேளாண் அதிகாரியும் அந்த ஆற்றுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

எழுத்தில் எதுவும் இல்லை. யாருடைய துண்டு எது என்பது ஊருக்கே தெரியும். புதிதாகக் காடு வெட்டித் திருத்தினால் திருத்தியவருக்கு. தலைமுறை மாறினால் பிள்ளைகளுக்கு. வெளியூர்க்காரர் வந்தால் ஊர்த் தலைவரைக் கேட்டு வாங்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

1975 அக்டோபர்

1969 அக்டோபர் 21 அன்று ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த சியாத் பர்ரே, தன்னை சோஷலிஸ்ட் என்று அறிவித்துக்கொண்டார். குலத்தின் பெயரைச் சொல்வதே குற்றம் என்றார். குலத்தைக் கொடும்பாவியாகச் செய்து எரித்தார்கள். ‘அடிமை’ என்று யாரையும் அழைக்கக் கூடாது, எல்லோரும் தோழர்கள். கோஷா மக்களுக்கு இது காதில் தேன்.

1975இல் வந்த வேளாண் நிலச் சட்டமும் அதே தொனியில்தான் இருந்தது. நிலம் முழுவதும் அரசுடையது. உழுகிற எவரும் விண்ணப்பித்து 50 ஆண்டுக் குத்தகை உரிமை பெறலாம். தனி நபருக்கு உச்சவரம்பு பாசன நிலமானால் 30 ஹெக்டேர், மானாவாரியானால் 60 ஹெக்டேர். விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, மறுகுத்தகைக்கு விடக் கூடாது. இரண்டு ஆண்டு தொடர்ந்து பயிரிடாமல் போட்டால் அரசு எடுத்துக்கொள்ளும். ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு பதிவு. பதியாத நிலத்துக்கு உரிமை இல்லை.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு விதியையும் ஜூபா கரையில் வைத்துப் பாருங்கள்.

ஒரு குடும்பத்துக்கு ஒரே பதிவு என்றால் மூன்று வகை நிலத்தில் எதைப் பதிவது? ஒன்றைப் பதிந்தால் மற்ற இரண்டும் சட்டப்படி புறம்போக்கு. மனைவி பெயரில் உள்ள துண்டின் கதி? இரண்டு ஆண்டு பயிரிடவில்லை என்றால் நிலம் போய்விடும். ஆனால் வெள்ளம் வராத ஆண்டுகளில் டெஷேக் தரிசாகத்தான் கிடக்கும், அதுதான் அதன் இயல்பு. ஊருக்குப் பஞ்சக் கால வைப்பாக இருந்த அந்தப் பள்ளம், அதிகாரியின் கண்ணில் ஆளில்லாத நிலம். உச்சவரம்பு 30 ஹெக்டேர் என்பது யாரைத் தடுப்பதற்கு? கைமண்வெட்டியால் உழுகிற குடும்பத்துக்கு ஒன்றிரண்டு ஹெக்டேரே அதிகம். 30 ஹெக்டேர் கேட்பவன் டிராக்டர் வைத்திருப்பவன், அதாவது நகரத்தான்.

அப்புறம் பதிவு செய்யும் வழி. மாவட்ட வேளாண் அலுவலகத்தில் மனு. அளவையாளர் வந்து அளந்து வரைபடம் போட வேண்டும். ஆட்சேபம் உண்டா என்று அறிவிப்பு ஒட்ட வேண்டும். மாவட்டம், மண்டலம் என ஒவ்வொரு மேசையிலும் கையெழுத்து. கடைசியில் மொகடிஷுவில் அமைச்சகம். ஒவ்வொரு மேசைக்கும் கட்டணம், அதற்கு மேல் ‘அன்பளிப்பு’. அளவையாளருக்கு வண்டிச் சத்தம், சாப்பாடு. சோமாலி மொழிக்கு அரசு முறை எழுத்து வந்ததே 1972இல்தான். மூன்றே ஆண்டு கழித்து, எழுத்தறியாத உழவன் எழுத்தில் நிரூபித்தால்தான் அவனுடைய நிலம் அவனுக்கு என்றால் என்ன பொருள்? ஆட்சேப அறிவிப்பை ஒட்டினார்கள், சரி. படிக்கத் தெரிந்தவன் அந்த ஊரில் யார்?

ஆக, பதிவு செய்தவர்கள் மொகடிஷுவிலும் கிஸ்மாயோவிலும் இருந்த அதிகாரிகள், ராணுவத்தினர், வணிகர்கள், அவர்களுடைய உறவினர்கள். கையில் வரைபடத்தோடு ஒருநாள் வந்து நிற்பார்கள். அவர்கள் காட்டும் எல்லைக்குள் இருபது முப்பது குடும்பங்களின் துண்டுகள் அடங்கியிருக்கும். காவல்காரர்கள் கூட வருவார்கள். நல்லவராக இருந்தால், “நீங்களே உழுங்கள், விளைச்சலில் பங்கு கொடுத்துவிடுங்கள்” என்பார். இழப்பீடு என்ற பேச்சே இல்லை; சட்டப்படி அவர்களுடையதாக இல்லாத நிலத்துக்கு எதற்கு இழப்பீடு?

இதில் பதிவு பெற்றவர்கள் எல்லோரும் ஒரே குலத்தவர் இல்லை. ஆட்சிக்கு நெருக்கமான மரேஹான் குலத்தவர் முன்னால் நின்றார்கள், உண்மை. மற்றக் குலத்துப் பணக்காரர்களும் சளைக்கவில்லை. குலச் சண்டை என்று கதையை முடித்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தங்களுக்குள் ஜென்மப் பகை கொண்டதாகச் சொல்லப்படும் குலங்களைச் சேர்ந்தவர்கள், அமைச்சக வராந்தாவில் ஒரே வரிசையில் நின்று அதே கோஷா நிலத்துக்கு மனுப் போட்டார்கள்.

கரும்பும் அணையும்

அரசே எடுத்தது தனிக் கணக்கு. மரேரேயில் சர்க்கரை ஆலையும் கரும்புத் தோட்டமும், ஃபனோலேயில் சீன உதவியோடு தடுப்பணையும் நெல் திட்டமும், ஜமாமே பக்கம் ஜெர்மனி, குவைத் கடனில் மொகாம்போ பாசனத் திட்டம். மூன்றும் கோஷா ஊர்களின் நிலத்தில். 1974–75 வறட்சியில் கால்நடை இழந்து நின்ற பல்லாயிரம் வடக்கத்தியர்களை சோவியத் விமானங்களில் ஏற்றி வந்து குடியமர்த்திய இடங்களில் துஜூமாவும் ஒன்று. அதுவும் ஜூபா கரைதான். நிலம் போனவர்களுக்கு அதே திட்டங்களில் கூலி வேலை கிடைத்தது.

எல்லாவற்றையும் விடக் கேடு செய்தது கட்டப்படவே கட்டப்படாத ஓர் அணை. பர்தேரேயில் ஜூபாவை மறித்துப் பெரிய அணை கட்டுவதாகத் திட்டம். உலக வங்கி உள்ளிட்டோர் பேச்சில் இருந்தார்கள். அமெரிக்க உதவியில் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் ஆய்வு நடந்தது. அணை வந்தால் வெள்ளம் அடங்கும், ஆண்டு முழுவதும் பாசனம், நிலத்தின் விலை பன்மடங்கு. செய்தி கசிந்ததும் 1980களில் பதிவுக்கு முண்டியடித்தார்கள். செட்சே ஈக்குப் பயந்து யாரும் எட்டிப் பார்க்காத கரையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு விண்ணப்பம். அணைக்கு ஒரு கல் கூட வைக்கவில்லை. பதிவேடுகள் மட்டும் நிறைந்தன.

குழியில் இருந்த தானியம்

1991 ஜனவரியில் சியாத் பர்ரே தலைநகரை விட்டு ஓடினார். அடுத்த ஒன்றரை ஆண்டு அவருடைய மிச்சப் படையும் எதிர்ப் படைகளும் மொகடிஷுவுக்கும் கிஸ்மாயோவுக்கும் நடுவே முன்னும் பின்னுமாக மோதிக்கொண்டன. எந்தப் படைக்கும் சம்பளம் கிடையாது, சாப்பாடும் கிடையாது. இரண்டு ஆற்றுக்கும் இடையே இருந்த ஊர்கள்தான் அவர்களுடைய சமையலறை.

இங்கே உழவர்கள் தானியத்தை நிலத்துக்குள் குழி வெட்டிச் சேமிப்பார்கள். நன்றாகக் காய்ந்த மக்காச்சோளத்தையும் சோளத்தையும் கொட்டி மண் போட்டு மூடிவிட்டால் ஓரிரு ஆண்டு தாங்கும். பஞ்சத்தைக் கடத்துவதே அதை வைத்துத்தான். படைகள் வீடு வீடாக வந்து குழி எங்கே என்று அடித்துக் கேட்டன. ஒரு படை எடுத்துக்கொண்டு போனால் அடுத்த படை வந்து, மிச்சம் எங்கே என்று அடித்தது. விதைத் தானியமும் போனது. பாலியல் வன்முறை நடந்தது, ஆண்கள் கொல்லப்பட்டார்கள். காவல் தருவதாக இருந்த குலங்கள் பல இடங்களில் ஒதுங்கிக்கொண்டன. சில இடங்களில் வேலியே பயிரை மேய்ந்தது.

1992 பஞ்சத்தில் தென் சோமாலியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொலைக்காட்சியில் உலகம் பார்த்த எலும்புக்கூடு போன்ற உடல்களில் பெரும்பாலானவை இரண்டு ஆற்றிடைப் பகுதியின் உழவர்களுடையவை. கோஷா மக்களும் அண்டை ரஹன்வெய்ன் குலத்தவரும். உணவு விளைவித்தவர்கள்தான் பட்டினியில் செத்தார்கள். மழை குறைந்ததும் ஒரு காரணம், ஆனால் குழியைத் தோண்டி எடுத்தது மழை இல்லை. 2011இல் மறுபடியும் பஞ்சம் அறிவிக்கப்பட்டு ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் இறந்தபோது, அதில் பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பலியானவர்களில் பெரும்பங்கு அப்போதும் இதே சமூகங்கள்தான்.

அதன் பிறகு கிஸ்மாயோ கை மாறிய வரிசையைப் பாருங்கள். 1990களில் ஹர்தி, ஓகாதேன், மரேஹான் குலங்களின் தளபதிகள் மாறி மாறி. 1999இல் ஜூபா பள்ளத்தாக்குக் கூட்டணி என்ற ஆயுதக் குழு. 2006இல் ‘இஸ்லாமிய நீதிமன்றங்கள்’ என்ற ஆயுத இயக்கம். 2008இல் அல்-ஷபாப் என்ற இஸ்லாமியத் தீவிரவாத அமைப்பு. 2012இல் கென்யப் படையும் அகமது மதோபேயின் ராஸ் கம்போனி படையும். அடுத்த ஆண்டே அவர் இந்தப் பகுதியின் மாநிலமான ஜூபாலாந்துக்கு அதிபர். துறைமுகத்துக்காக, அதன் சுங்கத்துக்காக, கரி ஏற்றுமதிக்காக இத்தனை சண்டை. ஒன்றில் கூட கோஷா மக்கள் ஒரு தரப்பாக இல்லை. ஒவ்வொரு தடவையும் ஆற்றுக்கரையில் புதிதாக ஒருவர் வந்து, “இனி பங்கை எங்களிடம் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். சில இடங்களில் பங்கு கூடக் கிடையாது. துப்பாக்கி முனையில் வாழைத் தோட்டங்களில் சும்மா வேலை வாங்கினார்கள்.

அரை என்ற கணக்கு

2000இல் ஜிபூட்டியின் ஆர்தாவில் நடந்த சமாதான மாநாட்டில் அதிகாரத்தைப் பங்கு போட 4.5 என்ற சூத்திரம் நிலைபெற்றது. தாரோத், ஹவியே, திர், திகில்-மிரிஃப்லே ஆகிய நான்கு பெருங்குலங்களுக்குத் தலா ஒன்று. மிச்சம் உள்ள சிறுபான்மையினர் எல்லோருக்கும் சேர்த்து அரை. 275 உறுப்பினர் கொண்ட கீழவையில் கணக்குப் போட்டால் நான்கு குலங்களுக்குத் தலா 61. மற்ற எல்லோருக்கும் 31. கோஷா, பெனாதிரி, கபோயே, இன்னும் சிறு குழுக்கள் பலவும் அந்த 31க்குள் அடித்துக்கொள்ள வேண்டும்.

இதை எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையிலும் போடவில்லை. சண்டை போட்டவர்களை மேசைக்கு அழைத்தார்கள், சண்டை போடாதவர்களுக்கு அரை கொடுத்தார்கள். தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிச் செய்தது. கால் நூற்றாண்டாக நடக்கிறது. இதற்கு வாதாடுபவர்கள், “இது இல்லையென்றால் அந்த அரையும் கிடைத்திருக்காது” என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் நில விவகாரத்தில் அதன் விளைவு நேரடியானது. மாவட்ட ஆணையர் யார், காவல் தலைவர் யார், நிலத் தகராறைக் கேட்கும் குழுவில் யார் என்பதெல்லாம் இதே பங்கீட்டு மனப்பான்மையில்தான் முடிவாகிறது. கோஷா உழவன் புகார் கொடுக்கப் போனால், எதிர்மனுதாரரின் சித்தப்பாதான் அங்கே உட்கார்ந்திருப்பார்.

போனவர்கள், இருந்தவர்கள்

1991–92இல் ஆயிரக்கணக்கானோர் கென்ய எல்லை தாண்டி ததாப் முகாம்களுக்குப் போனார்கள். அங்கேயும் பெருங்குலத்தவரே பெரும்பான்மை. கோஷா மக்களுக்கு முகாமின் விளிம்பு, விறகு பொறுக்கப் போகும் பெண்களுக்கு ஆபத்து, கட்டட வேலையும் சுமை தூக்கும் வேலையும். “எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள், முன்னோர் ஊருக்கு அனுப்புங்கள்” என்று அவர்கள் கேட்டார்கள். மொசாம்பிக் இசைந்து பின்வாங்கியது. தான்சானியா சிகுவாக்களுக்குத் தாங்கா மண்டலத்தின் சோகோவில் இடம் கொடுத்துப் பிறகு குடியுரிமையும் வழங்கியது. பேச்சு மொழி ஒத்துப்போனது என்பதால் அங்கே ஒட்டிக்கொள்வது சிரமமாக இல்லை. 1999இல் அமெரிக்கா இவர்களைத் துன்புறுத்தலுக்கு ஆளான குழுவாக ஏற்று, ஏறத்தாழ 12,000 பேரை எடுத்துக்கொள்ள முன்வந்தது. நேர்காணலுக்காக 2002இல் பேருந்துகளில் ததாபிலிருந்து கென்யாவின் இன்னொரு முகாமான ககுமாவுக்கு, சுமார் 1,500 கி.மீ. 2003லிருந்து விமானம். மைன் மாநிலத்தின் லூயிஸ்டன் போன்ற பனி ஊர்களில் இன்று ஜூபா பெரியவர்கள் காய்கறித் தோட்டம் போடுகிறார்கள்.

ஊரிலேயே இருந்தவர்களின் கதை வேறு. நடு ஜூபா மண்டலம் முழுவதும் அல்-ஷபாப் கையில். ஜிலிப் நகரம் அவர்களுடைய தலைநகர் மாதிரி. அவர்கள் அறுவடையில் வரி வாங்குகிறார்கள். பிள்ளைகளைப் படைக்குக் கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் ஒரு விஷயத்தை மறைத்து எழுதினால் இந்த ஆய்வு முழுமையாகாது. அவர்களுடைய நீதிமன்றத்தில் நில வழக்குக்குத் தீர்ப்புக் கிடைக்கிறது. வேகமாகக் கிடைக்கிறது, லஞ்சம் குறைவு, தோற்றவன் பெருங்குலத்தவனாக இருந்தாலும் நிறைவேற்றுகிறார்கள். அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் கூட நிலத் தகராறுக்கு அங்கே போய் வருகிறார்கள். ‘முஸ்லிம்களுக்குள் குலமில்லை’ என்ற அவர்களுடைய பிரசாரம் முதலில் எடுபட்டது கோஷா, ரஹன்வெய்ன் இளைஞர்களிடம்தான். காரணம் தேட வேண்டியதில்லை. பிறகு அந்த அமைப்புக்குள்ளும் மேல் பதவிகள் பெருங்குலத்தவர் கையிலேயே இருப்பதை இளைஞர்கள் பார்த்தார்கள்.

ஒரே வயலுக்கு நாலு பேர்

ஜிலிப் ஒருநாள் அரசின் கைக்கு வந்தால், அடுத்த வாரமே கிளம்பும் தகராறை இப்போதே எழுதி வைத்துவிடலாம். ஒரு டெஷேக் பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உரிமை கேட்பார்கள்.

முதலாமவர், காடு வெட்டித் திருத்தியவரின் பேரன். கையில் காகிதம் இல்லை. இரண்டாமவர், 1980களில் பதிவு செய்த அதிகாரியின் மகன். நைரோபியிலோ துபாயிலோ இருப்பார். அவரிடம் 50 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் இருக்கிறது. 1985இல் பதிந்தது என்றால் 2035 வரை காலக்கெடு உண்டு. சட்டம் பேசும் எந்த நீதிமன்றத்திலும் நால்வரில் வலுவானவர் இவர்தான். மூன்றாமவர், 1991க்குப் பிறகு ஆயுதத்தோடு வந்து இரண்டு தலைமுறையாக அங்கேயே இருப்பவர்; அவருடைய பிள்ளைகளுக்கு வேறு ஊர் தெரியாது. நான்காமவர், அல்-ஷபாப் நீதிபதி முத்திரை வைத்துக் கொடுத்த தீர்ப்பு வைத்திருப்பவர். இவர் முதலாமவரின் பங்காளியாகவே கூட இருக்கலாம்.

சோமாலியாவுக்கு நிலப் பதிவேடு வேண்டும் என்று உதவி அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஜி.பி.எஸ். வைத்து அளந்து கணினியில் ஏற்றிவிட்டால் தகராறு தீரும் என்கிற நம்பிக்கை. 1975இல் அளவுச் சங்கிலியோடு வந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். யாருடைய பெயரை ஏற்றுவது என்ற கேள்வியை முதலில் தீர்க்காமல் ஜூபா கரையில் இன்று பதிவு தொடங்கினால், மூன்று தடவை பறித்ததை நான்காவது தடவை சட்டமாக்கியது போலாகும். பத்திரத்துக்கு முதலிடம் கொடுத்தால் இரண்டாமவர் ஜெயிப்பார். கையிருப்புக்கு முதலிடம் கொடுத்தால் மூன்றாமவர். முதலாமவர் ஜெயிக்க ஒரே வழி, 1975க்கு முந்தைய ஊர் நினைவை சாட்சியாக ஏற்பது: எந்தப் பள்ளத்தில் யார் ஊன்றினார், எல்லைக்கு எந்த மரம், யாருக்கு யார் ஒப்படைத்தார் என்பதை வயதானவர்கள் வாயால் கேட்டுப் பதிவது. அந்த ஆட்களில் பாதிப் பேர் லூயிஸ்டனிலும் சோகோவிலும் ததாபிலும் இருக்கிறார்கள். 1975இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. ஜிலிப் விழும் வரை அதற்குக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் பழைய கிராம வரைபடமும் போதும், இந்த வேலையை லூயிஸ்டனிலேயே தொடங்கலாம்.